பதினேழாம் பாத்தியைத் திரும்பச் சேர்த்தல்

அனுப்புநர்:
பதுர்தீன் மஹ்மூதா,
பள்ளிவாசல் பின்வீதி,
கரைத்தீவு, புத்தளம்.

பெறுநர்:
திட்டப் பணிப்பாளர் அவர்கள்,
களப்புக்கரைப் பயிர்ச்செய்கைத் திட்டம்,
புத்தளம்.

விடயம்: காலஞ்சென்ற எனது மகள் மர்ஹூமா பதுர்தீன் ஆதிலாவின் வெங்காயப் பரிசோதனை பற்றித் தங்கள் திட்டம் அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தில் விடுபட்டுப்போன பதினேழாம் பாத்தியைச் சேர்க்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். கூலிக்கு வெங்காயம் பிடுங்குகிறேன். இந்த மனுவை நானே எழுதி, எழுத்துப் பிழைகளை மட்டும் மஸாஹிர் மாஸ்டரிடம் கொடுத்துத் திருத்தினேன்.

1. நாங்கள் 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்கள். ஆதிலா 1993இல் இங்கே முகாமில், ஓலைக் கொட்டிலில் பிறந்தாள். எங்கள் முகாமிலிருந்து பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குப் போன முதல் பெண்பிள்ளை அவள்தான். அங்கே அவள் விசேடமாகப் படித்தது, பரிசோதனைகளைத் திட்டமிடுவதும் அதில் வரும் எண்களைப் புள்ளிவிபரக் கணக்கால் ஆராய்வதும். அது என்ன படிப்பு என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு உரம் நல்லது என்று வாயால் சொல்லாமல், நிலத்தைக் கொண்டே சொல்ல வைக்கிற படிப்பு.

2. கடைசி வருடப் பரிசோதனையை, 2017 ஜனவரியில் தொடங்கி, எங்கள் ஊர் அபூசாலி ஹாஜியார் தந்த துண்டு நிலத்தில் செய்தாள். கடலோடு சேர்ந்த களப்பில் ஒதுங்கும் சாதாழை என்ற கடற்புல்லை மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசி, மக்க வைத்து, சின்ன வெங்காயத்துக்கு உரமாகப் போடலாமா என்பதே அவளுடைய கேள்வி. பத்தடிக்கு ஐந்தடியாக இருபத்துநான்கு பாத்திகள் கட்டினோம். ஆறுக்குச் சாதாழை, ஆறுக்கு மாட்டுச்சாணம், ஆறுக்குக் கடை உரம், ஆறுக்கு ஒன்றுமில்லை. ஒரு உரத்தை ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். ஒரே உரம் போட்டாலும் பாத்திக்குப் பாத்தி விளைச்சல் வித்தியாசப்படும் என்றாள். உரத்தால் வந்த வித்தியாசம் அதைவிடப் பெரிதா என்று பார்த்த பிறகுதான் எதையும் சொல்லலாமாம்.

3. களப்புப் பக்கம் உப்புக்காற்று அதிகம் என்பதால் நிலத்தை ஆறு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு வகையும் வரும்படி வைத்தாள். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தாள். பால்மா டின்னில் சீட்டுகளைப் போட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி எடுத்தது நான். கிணற்றடிப் பாத்திக்கு “ஒன்றுமில்லை” விழுந்தது. நல்ல இடம் வீணாகிறதே, சாதாழையை அங்கே மாற்று என்றேன். “அப்படிச் செஞ்சா மார்க்ஸ் கிணத்துக்குப் போகும் உம்மா, சாதாழைக்கில்ல” என்று சிரித்தாள்.

4. இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். பதினேழாம் பாத்தி ஐந்தாம் தொகுதியில் முதலாவது, பாதையோரம் இருந்தது. அதற்கும் விழுந்தது “ஒன்றுமில்லை”. பக்கத்துப் பாத்திகள் பச்சையாக நிற்க அது மஞ்சளித்துப் போய் நின்றது. முகாமில் நிவாரண வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்று, பட்டியலில் பெயர் இல்லை என்று வெறும் பையோடு திரும்பியவள் நான். வரிசையில் எல்லோருக்கும் கொடுத்து ஒருத்தருக்கு மட்டும் இல்லை என்பதை என் கண் தாங்காது. மகள் பீடத்துக்குப் போயிருந்த ஒன்பது நாட்களும், சுபஹு தொழுதுவிட்டுப் போய், அந்தப் பாத்திக்குச் சாணி கரைத்த தண்ணீர் ஊற்றினேன். பரிசோதனையைக் கெடுக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. பசித்த பிள்ளைக்குக் கொடுப்பதாகத்தான் நினைத்தேன்.

5. ஏப்ரலில் வெங்காயம் பிடுங்கி நிறுத்தோம். உரமில்லாத மற்ற ஐந்து பாத்திகளும் நான்கு கிலோவுக்குக் கீழே. பதினேழு மட்டும் ஆறேகால் கிலோ. மகள் தராசைச் சந்தேகப்பட்டு மறுபடி நிறுத்தாள். பாத்தி இலக்கம் எழுதிய தடியைச் சந்தேகப்பட்டாள். தன் கொப்பியைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் புரட்டினாள். என்னைச் சந்தேகப்படவில்லை. மூன்றாம் நாள் நானே சொன்னேன். கொப்பியை மூடி வைத்தாள். பிறகு, “எழுதாட்டி நான் பொய்க்காரி. எழுதினா உங்கட பேர் கெடும். என்ன செய்ய உம்மா?” என்று கேட்டாள். எழுது என்றேன். அவள் எழுதியது அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தில் உள்ளது: “பதினேழாம் பாத்திக்கு ஆய்வாளரின் தாயார் ஒன்பது நாட்கள் சாணக் கரைசல் ஊற்றியுள்ளார்.” அதோடு விடாமல், பதினேழைச் சேர்த்து ஒரு கணக்கும் விட்டு ஒரு கணக்கும் செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். இரண்டிலும் சாதாழை போட்ட பாத்திகள் வெறும் பாத்திகளை மிஞ்சின. சேர்த்த கணக்கில் அந்த முடிவின் நிச்சயத்தன்மை கொஞ்சம் குறைவு. அதையும் மறைக்கவில்லை.

6. அறிக்கை கொடுத்து, நேர்முகப் பரீட்சையும் முடித்து, அந்த ஜூலையில் டெங்குக் காய்ச்சலில் ஐந்தே நாளில் மௌத்தானாள். வயது இருபத்துநான்கு. பட்டத்தை அவளுக்குப் பதிலாக நான்தான் மேடையேறி வாங்கினேன். அன்று அவளுடைய விரிவுரையாளர் அம்மையார் என் கையைப் பிடித்துச் சிங்களத்தில் சொன்னார்: புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் அந்த முப்பத்தோராம் பக்கத்தை வாசித்துக் காட்டுகிறாராம். எண் பிடிக்கவில்லை என்று தூக்கி எறியாத பிள்ளை என்றார் என் மகளை. ஐயா, இவ்வளவு பெருமை எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை. என் குற்றத்தை வைத்து என் மகளின் நேர்மையைப் படிப்பிக்கிறார்கள்.

7. இந்த ஓகஸ்டில் தங்கள் திட்டம் மகளின் பெயரையும் படத்தையும் போட்டுத் துண்டுப்பிரசுரம் வெளியிட்டது. அல்ஹம்துலில்லாஹ், அதற்கு நன்றி. எழுத்துக் கூட்டி வாசித்தேன். “இருபத்துநான்கு பாத்திகளில் செய்த பரிசோதனையில், உரமிடாத எந்தப் பாத்தியும் நான்கு கிலோவைத் தாண்டவில்லை” என்று இருந்தது. நிறுத்தவள் நான். ஆறேகால் கிலோ எங்கே போனது? பதினேழை விட்டுவிட்டால் இருபத்துமூன்று பாத்திதான். விட்டதையும் சொல்லாமல், இருபத்துநான்கு என்றும் போட்டால், அது என் மகள் எழுதாத பொய்.

8. தங்கள் அலுவலகத்துக்கு மூன்று தரம் வந்தேன். உத்தியோகத்தர் ஒருவர் மரியாதையாகக் கதிரை தந்து, “அந்த ஒண்ட விட்டாத்தான் உம்மா கணக்கு வடிவா வரும். உங்கட பேரும் வெளிய வராது” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் என் பெயரைக் காப்பாற்றவா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் மகள் ஒருத்திதான் கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன்.

9. அடுத்த மாதம் இரண்டாவது தரம் அச்சிட்டு, முந்தல் வரை விவசாயிகளுக்குக் கொடுக்கப்போவதாக அறிந்தேன். ஆகவே தயவுடன் கேட்பது: நான்கு கிலோ என்ற அந்த வரியை நீக்கி, பதினேழாம் பாத்தியின் நிறையையும் அது ஏன் கூடியது என்பதையும் மகள் எழுதியபடியே போடவேண்டும். என் பெயரையும் போடலாம். மகளின் இரண்டு கணக்கின்படியும் சாதாழை வெறும் பாத்திகளை மிஞ்சியது என்பது இதனால் மாறாது.

அதற்கு இடமில்லை என்றால், அவளுடைய பெயரையும் படத்தையும் எடுத்துவிடுங்கள். அவள் முகத்தை ஊர் ஊராகப் பார்ப்பது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்லத் தெரியவில்லை. இருந்தாலும் அந்த வரிக்கு மேலே அவள் முகம் இருக்கக்கூடாது.

பாத்தித் தடிகள் இருபத்துநான்கும் கொப்பியும் என் அலுமாரியில் பத்திரமாக உள்ளன. தாங்கள் யாரை அனுப்பினாலும் காட்டுவேன். அச்சுக்குப் போகுமுன் நல்ல பதிலைத் தரும்படி பணிவோடு வேண்டுகிறேன்.

இடம்: கரைத்தீவு
திகதி: 09.10.2018

இப்படிக்கு,
(ஒப்பம்) ப. மஹ்மூதா
ஆதிலாவின் உம்மா,
பதினேழாம் பாத்திக்குச் சாணித் தண்ணீர் ஊற்றியவள்.

இணைப்பு: அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தின் பிரதி, நிறை எழுதிய கொப்பித் தாளின் பிரதி, துண்டுப்பிரசுரம் ஒன்று.