ராஜத்தின் பெயரில் ஒரு படகு

கான் ஹொய், சைகோன்
10 மார்ச் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌந்தரம் எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் ஜனவரிக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. வழக்கம்போல உறை பிரிந்திருந்தது. பிரிக்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஒரு மாதம் வைத்திருந்து பார்த்து, சலித்துப்போய் அனுப்பிவிடுகிறார்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். படகுக்கு நம் கடைக்குட்டி ராஜத்தின் பெயரை வைக்காதீர்கள்.

உங்கள் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு பருவம் முழுக்க ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் படகு கழுவுகிறவருக்குத்தான் புதுப் படகுக்குப் பெயர் வைக்கும் உரிமை, அது உங்கள் வெள்ளைக்கார ஊர்ப் படகுக் கிளப்பின் பழைய வழக்கம், வெளியூரிலிருந்து வந்த ஒருவனுக்கு இப்போதுதான் முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். பந்தயத்தில் உங்களை ஒருநாளாவது துடுப்புப் பிடிக்க விட்டார்களா என்று மட்டும் எழுதவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அதே கிளப்பில் கையால் உழைத்துச் சாப்பிடுகிறவன் பந்தயத்தில் சேரக்கூடாது என்று விதி இருந்ததாம், மீனவர்கள் கோபித்துக்கொண்டு போய்த் தனிக் கிளப் வைத்தார்களாம். அதை வேடிக்கைபோல எழுதியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே பத்து மணி நேரம் ஐஸில் கையை வைத்து இறால் தலை கிள்ளுகிறேன். இறால் ஜப்பானுக்குப் போகிறது. தலை எங்களுக்கு வருகிறது.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு வியட்நாமிய எழுத்துத்தான் தெரியும். தமிழ் எழுத்து அப்பாவிடமிருந்து நமக்கு மட்டும் வந்தது. ஆகவே உங்கள் கடிதமெல்லாம் என் வாய் வழியாகத்தான் அவளுக்குப் போகிறது. 1979இல் அகதி முகாமிலிருந்து நீங்கள் எழுதிய முதல் கடிதத்தை நான் அதில் இருந்தபடி வாசிக்கவில்லை. வுங் டாவிலிருந்து புறப்பட்ட ஐந்தாம் நாள் படகில் தண்ணீர் தீர்ந்தது, ராஜம் இரண்டு நாள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள், அவள் உடலைக் கடலில் விட்ட மறுநாள் கப்பல் வந்தது. இதில் ஒன்றையும் வாசிக்கவில்லை. இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று வாசித்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது. அடுத்த கடிதத்தில் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த கடிதம் வருவதற்குள் அம்மா சந்து முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

ஆறு வருஷமாக உங்கள் ஊர் கிளப்புகளை வைத்துத்தான் ராஜத்தை வளர்க்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நீச்சல் கிளப் ஆட்கள் குளிரில் கடலில் குதிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதினால், ராஜமும் குதித்தாள். ஹாக்கி பற்றி எழுதினீர்கள், ராஜம் முழங்காலை உடைத்துக்கொண்டாள். அம்மா மூன்று நாள் கோயிலுக்கு நடந்தாள். வெள்ளை உடுப்புப் போட்ட கிழவர்கள் புல்தரையில் பந்து உருட்டும் கிளப் ஒன்று இருக்கிறதே, அங்கே சனிக்கிழமை தோறும் தேநீர் கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறாள். போன வருஷம் நீங்கள் அனுப்பிய செய்தித்தாள் துண்டில் பெண்கள் நாலு பேர் படகில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது முதுகு ராஜம். அந்தத் துண்டு மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. அவளே ஏன் எழுதுவதில்லை என்று அம்மா கேட்பாள். நம் பேச்சு மறந்துவிட்டது, வெட்கப்படுகிறாள் என்பேன். நம்பிவிடுவாள். போன பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தானே ஆகிவிட்டார்கள்.

இப்போது நீங்கள் ஆங்கில எழுத்தில் ராஜம் என்று படகின் மேல் எழுதுவீர்கள். படம் எடுத்து அனுப்புவீர்கள். வியட்நாமியத்துக்கும் அதே எழுத்துத்தான், அதைப் படிக்க அம்மாவுக்கு நான் தேவையில்லை. பள்ளியில் சேர்த்தபோது அந்தப் பெயரை அந்த எழுத்தில் எழுதிக் கொடுத்தவளே அவள்தான். படகுக்கு ஏன் அவள் பெயர் என்று கேட்டால் நான் எங்கே போய் நிற்பேன்?

இன்னொன்றையும் மறைக்கவில்லை. நாட்டை விட்டு வெளியேறும் மனுவில் கையெழுத்துப் போட அம்மா ஒப்புக்கொண்டது ராஜத்தைப் பார்க்கத்தான். ராஜம் இல்லை என்று தெரிந்தால் இந்தச் சந்திலிருந்து நகர மாட்டாள். அவளை விட்டுவிட்டு நான் நகர முடியாது. அப்பா அப்படித்தான் 1976இல் விமானம் ஏறினார். அவருடைய காகிதங்களில் காரைக்குடி மனைவிக்குத்தான் இடம் இருந்தது. நான் அப்பா இல்லை. ஆனால் எனக்கு இருபத்து மூன்று வயது, அண்ணா. இறால் தலை கிள்ளியே கிழவியாக எனக்கு மனசில்லை.

கரைக்கு வந்த படகை, மழையே பெய்தாலும், நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் கொட்டகைக்குள் ஏற்றக்கூடாது, உப்பு தின்றுவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவினேன். ஒரு படகுக்கு எவ்வளவு நல்ல தண்ணீர். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் எப்படி நின்றீர்கள்?

ஈஸ்டர் முடிந்து படகை இறக்குவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதற்குள் இது வந்து சேருமோ சேராதோ. சேர்ந்தால் வேறு பெயர் வையுங்கள், ஏதாவது ஒரு பறவை பெயர். எழுதிவிட்டிருந்தால் சுரண்டிவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் தங்கை,
சௌந்தரம்

*

கான் ஹொய், சைகோன்
30 ஜூன் 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

மறுபடி சௌந்தரம். பத்து நாளைக்கு முன்னால் உங்கள் படம் வந்தது. என் மார்ச் கடிதம் உங்களை அடைவதற்கு முன்பே நீங்கள் அனுப்பியது.

நான் வேலைக்குப் போயிருந்தேன். தபால் சீட்டு வந்து, அம்மாவே போய் வாங்கியிருக்கிறாள். உறை திறந்தே இருந்ததால் படம் அங்கேயே கைக்கு வந்துவிட்டது. நான் திரும்பியபோது சந்தே நம் வாசலில் நின்றது. நடுவில் அம்மா, படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. கிட்டப் போனால், சிரித்துக்கொண்டிருந்தாள். பந்தயத்தில் ராஜம் ஜெயித்துவிட்டாள், அதனால் படகுக்கே அவள் பெயரை வைத்துவிட்டார்கள் என்று அவளாகவே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். என் பொய்யில் ஒரு வார்த்தைகூட மீதம் வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

முனையில் காப்பி விற்கும் எலென் அக்காவை நினைவிருக்கும். அவர் வாய் சும்மா இருக்குமா. "அப்ப வெள்ளக்காரன் அவன் பேர நம்ம தெருவுக்கு வெச்சான். இப்ப நம்ம பிள்ள பேர அவன் படகுக்கு வெச்சிருக்கான். கணக்கு சரியாப்போச்சு" என்றார். சந்தே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நாலு நாள் அம்மா மீன் வாங்கப் போனாலும் படத்தோடு போனாள். வார்டு அலுவலகத்துக்கும் கொண்டுபோயிருக்கிறாள். ஓடிப்போனவர்களின் படத்தை இங்கே கொண்டுவந்து பெருமை பேசுகிறாயா என்று அங்கிருந்த ஒருவன் கேட்டானாம். "ஓடிப்போனவ பேரு படகுல இருக்கு. உன் பேரு எதுல இருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தாளாம். அதற்கு என்ன அனுபவிக்கப் போகிறோமோ.

ஐந்தாம் நாள் அரிசி களைந்துகொண்டே பேச்சை எடுத்தாள். படத்தில் பதினாறு பேர் இருக்கிறார்கள், எண்ணிவிட்டேன் என்றாள். "அவ பேரு வெச்ச படகு. அவ எங்க?"

பதில் இருந்தது என்னிடம். ஜுரம், பரீட்சை, எதையாவது சொல்லியிருக்கலாம். ஆறு வருஷப் பழக்கம், நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் படத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறீர்கள். பதினாறு பேரில் சிரிக்காதவர் நீங்கள் ஒருவர்தான். அம்மாவின் விரலும் அங்கேதான் இருந்தது.

பெட்டியிலிருந்து உங்கள் முதல் கடிதத்தை எடுத்தேன். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தேன். தண்ணீர் கேட்ட வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். களைந்த அரிசியை அடுப்பில் ஏற்றினாள். மூன்றாம் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது மேசைக் கண்ணாடிக்குக் கீழே செய்தித்தாள் துண்டு இல்லை. படகின் படம் முன்னோர் மேடையில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முன்னால் ஊதுபத்தியும் ஒரு டம்ளர் தண்ணீரும்.

அந்தப் படகு கடலுக்குப் போனால் திரும்பி வருமா என்று கேட்டாள். போன அன்றே வந்துவிடும் என்றேன். வந்த பிறகு என்ன செய்வார்கள் என்றாள். நீங்கள் எழுதியிருந்த விதியைச் சொன்னேன். இதுவரை அவளுக்கு நான் வாசிக்காமல் தாண்டிப்போன இடம் அது. எத்தனை வாளி ஊற்றுவார்கள் என்று கேட்டாள். வாளி இல்லை, குழாய், நிறுத்தும்வரை வந்துகொண்டே இருக்கும் என்றேன்.

வெளியேறும் மனுவை எடுத்துவரச் சொன்னாள். அங்கே இருக்கும் உறவினர்கள் என்ற இடத்தில் ராஜத்தின் பெயரைத் தானே கோடு போட்டு அடித்தாள். உங்கள் பெயரை விட்டுவிட்டாள். கீழே கையெழுத்துப் போட்டாள். உண்மை தெரிந்தால் இவள் வரமாட்டாள் என்று உங்களுக்கு எழுதியிருந்தேனே, நான் என் அம்மாவை அறிந்த லட்சணம் அது.

என் மார்ச் கடிதத்தைப் பார்த்து நீங்கள் பெயரைச் சுரண்டியிருந்தால், அதே இடத்தில் அதே எழுத்தில் மறுபடி எழுதிவிடுங்கள். கிளப்பில் கேட்டால் தங்கைக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லுங்கள், பொய்யில்லை. உங்கள் பக்கத்துக் காகிதங்களைச் சீக்கிரம் அனுப்புங்கள். வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். ஆகட்டும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள். இது மட்டும் அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் வந்து சேர்ற வரைக்கும் நல்ல தண்ணியில கழுவச் சொல்லு. அப்புறம் நான் பாத்துக்கிறேன்."

உங்கள் தங்கை,
சௌந்தரம்