மேலே மிதந்த அடுக்கு

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் இந்தப் பதவிக்கு வந்ததிலிருந்து நீங்கள் என் வீட்டுப் பக்கமே வருவதில்லை. திட்டவாவது ஒரு நாள் வரலாம்.

ஓர் உதவி வேண்டும். செல் சவ்விலிருந்து ஒரு புரதத்தைப் பிரிக்க வேண்டும். உங்கள் பழைய வழிதான்: டிடர்ஜென்ட் கரைசலில் கலந்து, சூடாக்கி, இரண்டு அடுக்காகப் பிரிய வைப்பது. வேண்டாததை ஒதுக்க முதலிலேயே உப்பு நிறையப் போட்டிருக்கிறோம். எந்த அடுக்கை வைத்துக்கொள்வது? கையில் இருப்பது ஒரே ஒரு திசு மாதிரிதான், வேறு கிடைக்காது. அதைக் கொடுத்த நோயாளி இப்போது உயிரோடு இல்லை. இது கைகூடாவிட்டால் என் பிரிவை மூடிவிடுவார்கள்.

உங்கள்
குட்டி

மார்ச் 9

பிரிவுத் தலைவி அம்மையார் அவர்களுக்கு,

அந்தக் கட்டடத்தில் வருடக்கணக்காக நின்றே வேலை பார்த்த முழங்கால் இது. நாற்காலி கிடைத்தவர்களுக்கு இந்த வலி வராது.

பனிக்கட்டியில் வைத்துக் கலக்கு. பிறகு வெந்நீரில் வை. துணி அலசிய தண்ணீர் போலக் கலங்கி, அப்புறம் பிரியும். டிடர்ஜென்ட் கீழே தங்கும், சவ்வுப் புரதமும் அதோடு போய்விடும். மேலே இருப்பது வெறும் தண்ணீர், கொட்டிவிடு. இதைக்கூடக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா?

உன் அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பக்கத்து மேசைக்காரர், "எதுக்கும் ரெண்டையும் எடுத்து வைங்க மேடம்" என்றார். "எங்க அண்ணனே எழுதியிருக்காரு, அப்புறம் என்ன?" என்று மேல் அடுக்கைத் தொட்டியில் கொட்டினேன்.

கீழ் அடுக்கில் அந்தப் புரதம் கொஞ்சம்கூட இல்லை. பிறகுதான் தேடிப் படித்தேன். உப்பு அதிகமானால் தண்ணீர் கனத்துக் கீழே போய்விடுமாம், டிடர்ஜென்ட் மேலே மிதக்குமாம். உப்பைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருந்தேன், உங்கள் கண்ணில் பட்டிருக்காது. என் தப்பு. இயக்குநரிடமும் நான்தான் அவசரப்பட்டுக் கொட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பெயரை எடுக்கவில்லை. திங்கட்கிழமை முடிவு சொல்வார்கள்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

குட்டி

மார்ச் 24

குட்டிக்கு,

கண்ணில் பட்டது. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

உப்பு போட்டால் தலைகீழாகும் என்று எனக்குத் தெரியும். என் கடிதத்தில் வேண்டுமென்றேதான் அதை விட்டேன். நீ குழம்பிப்போய் இன்னொரு தடவை என்னிடம் கேட்பாய், கொஞ்சம் கெஞ்சுவாய், அப்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன். தினமும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சமும் சந்தேகப்படாமல் நீ கொட்டிவிடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வரவேண்டிய நாற்காலி உனக்குப் போனதிலிருந்து நீயும் என்னை எதிரியாகத்தான் நினைக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டிருக்கலாமே என்று இப்போதும் மனம் உன்மேல் பழி போடப் பார்க்கிறது. பார், எப்படிப்பட்டவன் நான்.

திங்கட்கிழமை காலை உங்கள் ஆய்வகத்துக்கு வருகிறேன். அந்தப் படியை இனி மிதிக்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டுப் போனவன்தான். இயக்குநரிடம் நானே சொல்கிறேன். தடுக்காதே.

வாசலில் என்னைப் பார்த்தால் அண்ணா என்று கூப்பிட்டுவிடாதே. அப்புறம் எனக்குப் பேச வராது.