ஊதா மையும் ஃபிரிட்ஜ் பெட்டியும்

மார்ச் 4
குடியிருப்புச் சங்கத் தேர்தல் மாதக் கடைசி ஞாயிறாம். நோட்டீஸ் ஒட்டியாயிற்று. போன தடவை போலவே துண்டுச் சீட்டு, அவரவர் பேனா. அவரவர் பேனா! இந்தக் கட்டடத்தில் ஊதா மையில் எழுதுகிறவன் நான் ஒருவன்தான். போன தடவை எதிர் வேட்பாளருக்குப் போட்ட என் சீட்டைப் பிரித்ததுமே செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தான். செயலாளர் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி. மறு வாரமே என் ஸ்கூட்டரின் இடம் கூரைக்கு அடியிலிருந்து குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் போனது. நிர்வாக வசதியாம். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

மார்ச் 6
மனு கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே முத்திரை, ஒரு மறைப்பு, பூட்டிய பெட்டி.
"பேனாவ மாத்திட்டா முடிஞ்சுது, அத்தான். இதுக்கு எதுக்கு மூணு பக்கம்?" என்றான் மைத்துனன்.
நான் ஏன் மாற்ற வேண்டும்? பதிலை அவனிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளியிடம் சொன்னேன். அவர் பாவம், தலையாட்டினார்.

மார்ச் 9
கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள். "அப்ப நீங்களே செஞ்சு குடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். செய்வேன்.

மார்ச் 13
நூலகத்தில் படித்தேன். முத்திரை மை காயுமுன் சீட்டைக் குறுக்கே மடித்தால் அடுத்த பெயரிலும் ஒட்டிக்கொள்ளும். நீளவாக்கில் மடிக்க வேண்டும். எந்தப் பள்ளியிலும் இதைச் சொல்லித்தரமாட்டார்கள்.
வீட்டில் ஒத்திகை. இரவில் மின்விசிறி ஓடலாமா, கூடாதா? ஓடலாம் ஒன்று, கூடாது ஒன்று.
"யாரு எதுக்குப் போட்டாங்கன்னே தெரியலீங்க" என்று சொல்லிக்கொண்டே மனைவி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மார்ச் 17
மறைப்பு தயார். மூன்றாம் மாடிக்காரரின் புது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி. உள்ளே புகுந்து சோதித்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.
"வெளிய வாங்க. பார்சல்காரன் தூக்கிட்டுப் போயிடப்போறான்!" என்றாள் மனைவி.

மார்ச் 22
மைத்துனனை எதிர்த்து நிற்பவர் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். என் ஓட்டு அவருக்கென்று கட்டடம் முழுக்க நானே சொல்லித் திரிந்தேன். இன்று படிக்கட்டில் என்னை ஓரங்கட்டினார்.
"முத்திரை குத்தினதும் போன்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க, பெரியவரே. நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."
தரைத்தளத்தில் துணி தைக்கும் அம்மா வாடகைக்கு இருப்பது அவருடைய வீட்டில்தான். கேட்டேன். அவளிடமும் சொல்லியிருக்கிறார். "போட்டோ வரலன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாரோன்னு இருக்கு, ஐயா."
அப்புறம் நான் எதுக்குய்யா அந்தப் பெட்டிக்குள்ள பூந்து முதுகப் புடிச்சுக்கிட்டேன்? மைத்துனன் என் மையைப் பார்த்தான் — இவர் போட்டோ கேட்கிறார். என்ன வித்தியாசம்? இருக்கிறது. அவன் தற்செயலாகப் பார்த்தான். இவர் திட்டம் போட்டுப் பார்க்கிறார்.

மார்ச் 29, ஞாயிறு
வாசலில் கூடை வைத்தேன். போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.
"எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் மேனேஜர்.
"இல்லை" என்றேன்.
மைத்துனன் மறுபேச்சில்லாமல் முதல் ஆளாகப் போனைப் போட்டான். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. தையல்கார அம்மா வெளியே வரும்போது அட்டைப்பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல.
என் முறை வந்தது. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
"உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்றாள் மனைவி.
மைத்துனன் இரண்டே ஓட்டில் ஜெயித்தான். ஒருவர் மாற்றிப் போட்டிருந்தாலும் சமமாகி, குலுக்கலுக்குப் போயிருக்கும்.

மார்ச் 30
மைத்துனன் வீட்டுக்கு வந்தான்.
"நீங்க எனக்குப் போடலன்னு தெரியும், அத்தான். பரவால்ல. வண்டிய கூரைக்குக் கீழயே விடுங்க. போன தடவ நான் பண்ணது சின்னத்தனம்."
வாய் நமநமவென்றது. காபியைக் குடித்து அடக்கினேன்.
அவன் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "என்கிட்டயாவது சொல்லுங்க. யாருக்குப் போட்டீங்க?"
சொல்லவில்லை. இதிலும் எழுதமாட்டேன். இதுவும் ஊதா மை, நான் எழுதவில்லை என்று நாளைக்கு மறுக்க முடியாது. மேனேஜருக்குப் போட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அதற்குமேல் ஒரு சொல் எழுதமாட்டேன்.