அப்பாவின் சிரசாசனம்

ரிஷிகேஷ்

அன்பு மகள் ஹிமானிக்கு அம்மா எழுதுவது. கங்கா மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், மிச்சத்தைப் படித்துப் பதறாதே. நீயும் மாப்பிள்ளையும் லிஸ்பன் குளிரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அங்கே திரும்புகிற மாணவி ஒருத்தியிடம் கொள்ளும் கேழ்வரகு மாவும் கொடுத்திருக்கிறேன், கூடவே இந்தக் கடிதம். போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுதுகொண்டிருப்போம்.

அப்பா கொஞ்ச நாளாக டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார், யோகா வகுப்பில் ஓரமாகப் படுத்திருந்தவர் கையை மிதித்துவிட்டார். நான்தான் பிடிவாதமாக டேராடூனுக்குக் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போய்விட்டதாம், போனது திரும்பாதாம், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாமாம். தலைகீழாக நின்றால் தலைக்கு ரத்தம் பாயும் என்று பெருமையாகச் சொல்வாரே, அப்போது கண்ணிலும் அழுத்தம் எகிறுமாம், சிரசாசனம் இனிக் கூடவே கூடாது என்றார் டாக்டர். இவரா கேட்பார்? மறுநாள் விடிகாலையில் மொட்டைமாடிக்குப் போனால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு பாதங்கள் மேலே தெரிகின்றன. எனக்கு வந்த கோபத்தில், “பயிற்சியும் வேணும், பற்றை விடவும் வேணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க. பயிற்சி இருக்கு, மத்தது எங்க போச்சு?” என்று கேட்டுவிட்டேன். இறங்கி, காலை மடக்கி உட்கார்ந்தார். பாவமாக இருந்தது ஹிமானி, கல்யாணமான மறுநாள் காலையிலேயே நான் அவரைத் தலைகீழாகத்தானே பார்த்தேன்.

முதலில் உன்னிடம் சொல்லவே கூடாது என்றார். தலைகீழாக நிற்க முடியாதவரிடம் கற்றவள் என்று அங்கே நீ யோகா சொல்லிக்கொடுக்கும் இடத்தில் உன்னை இளக்காரமாக நினைப்பார்களாம். நேற்று மருந்து விடும்போது அவராகவே பேச்சை எடுத்தார். இது பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். “அவளுக்கு என் கண்ணுதான், பாகீரதி. எழுதிடு” என்றார்.

அதனால் அம்மா சொல்வதைக் கேள். இந்த வாரமே கண்ணைக் காட்டு, அழுத்தம் பார்க்கச் சொல், பார்க்கும்வரை தலைகீழாக நிற்காதே, வகுப்பில் செய்துகாட்டவும் வேண்டாம். நீ தீர்க்காயுசாக, குறையில்லாமல் இருக்க வேண்டும். அப்பாவும் ஒரு வரி எழுத வேண்டுமாம், கோணலாக இருந்தால் சிரிக்காதே.

உன் அம்மா,
பாகீரதி

ஹிமானி, நான் விட்டுவிட்டேன். உன்னால் முடியாதா?
அப்பா