மாப்பிள்ளைக்குப் பின்னால் இருக்கும் தோட்டம்

ஆவணி 14, வெள்ளி இரவு.

தங்கச்சிக்குப் பேசிய மாப்பிள்ளையின் போட்டோவை இன்றுதான் என் கையில் கொடுத்தார்கள். மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறாராம். அவருக்குப் பின்னால் ஏலச்செடிகள் வரிசை வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போய் மங்கலான மலையில் முடிகின்றன.

அது தோட்டமே இல்லை. என் சிநேகிதன் சுப்பையாவின் போட்டோக் கடைக்கு நான் வரைந்து கொடுத்த துணித்திரை. நிஜ ஏலத்தோட்டத்தில் மரநிழலுக்குள் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. "தூரம் தெரியணும், அப்பத்தான் ஆள் பெரிசாத் தெரிவான்" என்று கேட்டு வாங்கியவன் அவன். நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவனும் அவன்தான். என் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறான்!

போய்ச் சட்டையைப் பிடித்தேன். "நான் என்ன பொய் சொன்னேன்? வரைஞ்சது நீதானப்பா" என்று சிரிக்கிறான், பாவி.

அப்பாவோ நேற்றே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார். எல்லாம் சொல்லியும், "போட்டோ பொய் சொல்லுமாடா?" என்கிறார்.

தங்கச்சி இன்னும் விளக்கடியில் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் தோளுக்கு அப்பால் விரலை வைத்துக் கேட்கிறாள்: "அண்ணே, இந்தக் கடைசிச் செடி வரைக்கும் நடந்துபோக எம்புட்டு நேரமாகும்?"