வெள்ளை உருண்டைப் பூ

பாருடி, மலர்ந்துவிட்டது. ஊரப்பாக்கத்து மொட்டை மாடியில், நீண்ட பச்சைத் தண்டின் உச்சியில், வெள்ளையாய் ஓர் உருண்டை. குனிந்து மோந்தேன். சந்தேகமே இல்லை, வெங்காய வாடை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மாமல்லபுரத்துப் பக்கம் குப்பத்தில் நாம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தபோது, போனில் ஊதா நிறப் பூ ஒன்றைக் காட்டினாய். அலங்கார வெங்காயமாம், சமையலுக்கு இல்லை, அழகுக்கு மட்டும். பார்சலில் கிழங்கு வந்த அன்றே தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாய். உன் நாத்தனார்தான் உதட்டைப் பிதுக்கினாள். "உப்பு மண்ணுல பூவா? சவுக்குதான் வரும்." அன்றிலிருந்து உனக்கு அது மானப் பிரச்சினை.

குளிர் பட்டால்தான் பூக்கும் என்று கேள்விப்பட்டு, கிழங்குக் கவரை என் ஃபிரிட்ஜில் வைத்தாய். உன்னுடையதில் மீனுக்கே இடம் போதாது. என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜைத் துடைக்கிறேன் பேர்வழி என்று அந்தக் கவரையும் என் சமையல் வெங்காயக் கவரையும் இடம் மாற்றி வைத்தது அப்போது யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவரே நெத்திலிக் குழம்பு வைத்தார். "வெங்காயம் இன்னா ருசிடி! இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து" என்று வழித்துச் சாப்பிட்டாய்.

மிச்சமிருந்த கவரில் இருந்ததை நட்டாய். ஓட்டை மீன்பெட்டியில் மணலும் சாண எருவும் கலந்து, உப்புக்காற்று படாமல் சுவரோரம் வைத்தாய். முளை விட்டுவிட்டால் எல்லா வெங்காயத்துக்கும் ஒரே மூஞ்சிதானே! மொட்டு வெடித்தது. வெள்ளை! திருதிருவென்று முழித்தோம். எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "நம்ம சமையல் வெங்காயம் மாதிரி கீதே" என்றார்.

"அடப்பாவி! என் பூவ நானே துன்னுட்டேனா?" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அழப்போகிறாய் என்று பயந்தேன். அதற்குள் நாத்தனார் வந்து நின்றாள். வெங்காயத்தை நறுக்கியிருக்கிறாளே தவிர, அது பூத்து அவள் பார்த்ததில்லை. "இது இன்னா பூ?" என்றாள். கண்ணை இமைக்காமல், பூவின் பெயர் என்று உன் பெயரையே சொன்னாய். அவளும் நம்பி, அழகுதான் என்று ஒப்புக்கொண்டு போனாள்.

"வெள்ளையா இருந்தா இன்னா? உருண்டையா கீதுல்ல!" என்றாய் என்னிடம். அந்தத் திமிர் எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், "விதைய எடுத்து வெச்சியா?" என்றுதான் கேட்டாய். வைத்தேன். இங்கே வீடு மாறியபோது முதலில் கட்டியது அதைத்தான். விதைத்து, கிழங்காக்கி, ஃபிரிட்ஜில் வைத்து நட்டேன். கவருக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்ததால் அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

சற்றுமுன் கீழ்வீட்டுப் பெண் துணி உலர்த்த மாடிக்கு வந்தாள். கூடையை அப்படியே வைத்துவிட்டுத் தொட்டியருகே உட்கார்ந்தாள்.

"செமையா கீதுக்கா! இன்னா பூ இது?"

நானும் கண்ணை இமைக்கவில்லை. உன் பெயரைச் சொன்னேன்.