டூல்பாக்ஸில் ஒளிச்சு வெச்ச டெஸ்ட் கிட்

எலக்ட்ரீசியன் சாருக்கு,

நைட் ஷிப்ட் முடிச்சு அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. ஸ்கூலுக்குக் கிளம்பறேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. சாயங்காலம் உங்க தங்கச்சி வருவா. அவகிட்ட இப்பவே எதையும் உளறிடாதீங்க.

ஒரு வாளித் தண்ணி தூக்கினதுக்கு நேத்து அந்தக் கத்து கத்தினீங்களே, எனக்குக் கோபம் இன்னும் போகல. ஆஸ்பத்திரியில கருவை உள்ள வெச்சதுலேர்ந்து என்னைக் கண்ணாடிப் பாத்திரமாட்டம் பார்க்கறீங்க. டாக்டரே நடமாடத்தான் சொன்னாங்க.

அப்புறம், அவசரப்பட்டு முன்னாடியே டெஸ்ட் பண்ணிடுவேன்னு கிட்டை டூல்பாக்ஸ்ல ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, ஆடற நாற்காலியை முடுக்க ஸ்க்ரூடிரைவர் தேடினப்பவே பார்த்துட்டேன். பிரிக்கல. அங்கேயேதான் இருக்கு.

இன்னொண்ணு. போன தடவை பாத்ரூம்ல தனியா நின்னு அந்த ஒத்தைக் கோட்டைப் பார்த்தேன். நீங்க வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது இன்னொரு தடவை என்னால முடியாது. வெள்ளிக்கிழமை டெஸ்ட். லீவு போடுங்க.

(இடமில்ல, ஓரத்துல எழுதறேன்) ஒரு கோடோ ரெண்டு கோடோ, முதல்ல நீங்க பாருங்க. நான் உங்க மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன்.